எதுல ஊத்தி வப்பான்?

எண்பதுகளின் நடுவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தூர்தர்ஷன் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரைப் போட்டது. அமெரிக்காவில் 1966இல் தொடங்கி 1969இல் நின்றுபோன தொடர். எங்களுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது. பாளையங்கோட்டையில் அத்தை வீட்டில் மரக்கதவு போட்ட கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. அப்பாவுக்கு ஞாயிறு ஓய்வு விழுந்தால் பாபநாசத்தில் முதல் பஸ்ஸைப் பிடிப்போம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று ஆற்றைத் தொட்டும் விட்டும் போகிற சாலையில் வந்து, அத்தை வீட்டு முன்னறையில் உட்கார்ந்துவிடுவோம். ஆங்கிலத் தொடர். எனக்குப் பாதி புரியாது; அப்பாவுக்கு முக்கால்வாசி புரியாது.

புரியாமலே அப்பா அதில் ஒருவரை மட்டும் விடாமல் கவனித்தார். கேப்டன் கிர்க்கையும் கூரிய காதுள்ள ஸ்பாக்கையும் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது, விண்கப்பலின் எஞ்சின் அறையில் நிற்கிற ஸ்காட் என்ற தலைமைப் பொறியாளர் எப்போது வருவார் என்று அவர் காத்திருந்தார். மேலே கேப்டன் இன்னும் சக்தி வேண்டும் என்பார். கீழே இவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, தாங்காது என்பார். பிறகு எப்படியோ கொடுத்துவிடுவார். அப்பா அத்தையிடம் சொன்னார்: “ஏ தங்கச்சி, இந்த ஆளு ஷிப்டு ஆபரேட்டராக்கும். மேல இருக்கவன் போனப் போட்டு லோடு கேக்கான். இவன் மெஷினப் பாத்துக்கிட்டே பேசுதான் பாரு.”

அப்பா மின்வாரியத்தில், பாபநாசம் லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் ஆபரேட்டர். இரவு ஷிப்டில் போன் மணி அடிப்பதும், இத்தனை மெகாவாட் ஏற்று, இத்தனை இறக்கு என்று உத்தரவு வருவதும் அவருக்கு அன்றாடம். ஆகவே ஸ்காட்டை அவர் கதாபாத்திரமாகப் பார்க்கவில்லை. சக ஊழியராகப் பார்த்தார்.

ஒரு எபிசோடு இன்னும் கண்ணில் நிற்கிறது. கப்பலின் இயந்திரத்தை யாரோ கெடுத்துவிடுகிறார்கள். வேகம் ஏறிக்கொண்டே போகிறது. இன்னும் சில நிமிடங்களில் வெடித்துவிடும். ஸ்காட் ஒரு கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆள் நுழைய முடியாத குழாய்க்குள் ஊர்ந்து போகிறார். உள்ளே பிசகினால் அவர் இருக்கும் பகுதியையே கப்பலிலிருந்து கழற்றி வெளியே எறிந்துவிட வேண்டும். அதற்கும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போகிறார். ‘தட் விச் சர்வைவ்ஸ்’ என்பது அதன் பெயர், 1969 ஜனவரியில் வந்தது என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அப்பா நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். பவர் ஹவுஸ் ஆட்களுக்கு அப்படி ஒரு குழாய்க்குள் போவது என்றால் என்ன என்று தெரியும்.

அந்தக் கப்பல் எதனால் ஓடுகிறது என்பது எனக்குக் கல்லூரியில் இயற்பியல் எடுத்த பிறகுதான் விளங்கியது. பொருளும் எதிர்ப்பொருளும். பால் டிராக் 1931இல் கணக்கின் வழியாகச் சொன்னார், எலெக்ட்ரானுக்கு மின்னூட்டத்தில் நேரெதிரான ஓர் இரட்டைத் துகள் இருக்க வேண்டும் என்று. 1932இல் கார்ல் ஆண்டர்சன் அந்தப் பாசிட்ரானைக் கண்டுபிடித்தார். 1955இல் எதிர் புரோட்டான் கிடைத்தது. பொருளும் எதிர்ப்பொருளும் தொட்டால் இரண்டும் இல்லாமல் போய், அவற்றின் நிறை முழுவதும் ஆற்றலாகிவிடும். தொடர் எழுதியவர்கள் இதை எடுத்துக்கொண்டு, மோதலை அடக்கி நடத்த ஒரு படிகத்தைக் கற்பனை செய்தார்கள். தொடக்கத்தில் அதற்கு லித்தியம் என்றே பெயர். நிஜமாக இருக்கிற தனிமத்தின் மேல் அவ்வளவு கற்பனையை ஏற்ற முடியாது என்று நினைத்திருக்க வேண்டும். 1967இல் அது டைலித்தியம் ஆனது. எதிர்ப்பொருள் நிஜம், டைலித்தியம் கட்டுக்கதை. இந்த இரண்டும் கலந்ததுதான் ‘எண்டர்பிரைஸ்’ கப்பலின் சக்தி.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். ஒரு கிராம் எதிர்ப்பொருளும் ஒரு கிராம் பொருளும் சேர்ந்தால் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். மின்சாரமாகவே முழுவதும் மாற்ற முடிந்தால் ஏறக்குறைய 5 கோடி யூனிட். பாபநாசத்தில் இன்றைக்குள்ள 32 மெகாவாட் முழுவதும் இரவு பகல் ஓடினால் அதை எட்ட இரண்டு மாதத்துக்குமேல் ஆகும். அணை தளும்ப வேண்டும், கார் மழையும் பிசானத்து மழையும் சரியாகப் பெய்ய வேண்டும். அங்கே ஒரு கிராம் போதும்.

அப்பா கணக்கை மறுக்கவில்லை. வியக்கவும் இல்லை. “தொட்டதெல்லாம் இல்லாமப் போவும்னா, அத எதுல ஊத்தி வப்பான்?” என்று கேட்டார்.

எந்தப் பாத்திரத்திலும் வைக்க முடியாது, காந்தப்புலத்தால் அந்தரத்தில் பிடித்து வைக்க வேண்டும், பக்கச் சுவரைத் தொடவே விடக்கூடாது என்றேன்.

“சரி. அப்போ கரண்டு போனா?”

இயற்பியல் வகுப்பில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எதிர்ப்பொருள் எஞ்சின்களைப் பற்றி யோசிக்கிற எவரும் தூக்கத்தைத் தொலைக்கிற இடம் அதுதான் என்று பிறகு படித்தபோது அப்பாவை நினைத்துக்கொண்டேன். தொடரிலும் அதேதான் பயம். பிந்தைய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடர்களில் கப்பல் அழியும் தறுவாய் என்றால், எதிர்ப்பொருளைப் பிடித்து வைத்திருக்கிற புலம் விழப்போகிறது என்றுதான் பொறியாளர் கத்துவார்.

அப்பாவுக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். தாமிரபரணி மலையை விட்டு இறங்குகிற இடத்தில் தண்ணீரின் சக்தியைப் பிடித்து வைப்பது பழைய தொழில். 1880களிலேயே ஹார்வி சகோதரர்கள் அருவியின் விசையை நம்பித்தான் விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலையைக் கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு சென்னை மாகாண அரசு பைக்காரா, மேட்டூர் வரிசையில் மூன்றாவதாகப் பாபநாசத்தில் நீர்மின் நிலையம் கட்டியது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944இல் அது மின்சாரம் தரத் தொடங்கியது. மலைச்சரிவில் பெரிய இரும்புக் குழாய்கள் இறங்கி வருவதைக் கீழே சாலையிலிருந்தே பார்க்கலாம். நாங்கள் பிள்ளைகளாக அதைப் பார்த்தபோது வெறும் குழாய். அப்பா பார்த்தது உள்ளே நெரித்துக்கொண்டு நிற்கிற தண்ணீரை.

லைனில் எங்கோ பழுதாகி லோடு திடீரென்று விழுந்தால் டர்பைனுக்குச் சுமை போய்விடும். அது தறிகெட்டு வேகமெடுக்கும். சரி, தண்ணீரை உடனே அடைத்துவிடலாம் என்றால் அதுவும் கூடாது. அவ்வளவு நீளக் குழாயில் ஓடிவருகிற தண்ணீரைச் சட்டென்று மறித்தால் அது குழாயையே பிளந்துவிடும். வேகத்தையும் விடக்கூடாது, தண்ணீரையும் அடிக்க விடக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் கவர்னர் கருவி வேலை செய்யும், அது சரியாகச் செய்கிறதா என்று ஆள் பார்ப்பான். அப்பா மீட்டரைவிடக் காதைத்தான் நம்பினார். “சத்தம் மாறுனா கையி தானாப் போவும்ளா” என்பார். மின்சாரம் உண்டாக்குகிற வேலை என்று ஊரில் சொல்வார்கள். அப்பா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. தண்ணியப் புடிச்சு வைக்கிற வேலை என்றுதான் சொல்வார்.

ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்தில் எதிர்ப்பொருளை நிஜமாகவே உண்டாக்குகிறார்கள். அங்கே இதுவரை உண்டாக்கியது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அழித்தாலும் ஒரு மின்விளக்கைச் சில நிமிடம் எரிக்கத்தான் காணும். ஆனால் 2011இல் அங்கே ஆல்ஃபா குழுவினர் எதிர் ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தப் பொறிக்குள் 1000 விநாடி வரை பிடித்து வைத்தார்கள். எனக்கு இதுதான் பெரிய செய்தி. பதினாறு நிமிடத்துக்கு மேல் சுவரைத் தொடவிடாமல் வைத்திருந்தார்கள்.

கப்பலின் இன்னொரு பாதி எரிபொருளை எங்கள் ஆறு அறியும். தொடரின் தொழில்நுட்ப நூல்களின்படி எதிர்ப்பொருளோடு மோதவிடுகிற பொருள் டியூட்டீரியம், அதாவது கன ஹைட்ரஜன். கல்யாணதீர்த்தத்தில் விழுகிற தண்ணீரில் ஒரு லிட்டரை எடுத்தாலும் 30 மில்லிகிராமுக்கு மேல் டியூட்டீரியம் அதில் கலந்திருக்கும். எல்லாத் தண்ணீரிலும் உண்டு. ஆனால் அதைப் பிரித்தெடுக்கிற வேலை ஆறு கடலைச் சேர்கிற பக்கமே நடந்தது: தூத்துக்குடியில் ஸ்பிக் உர ஆலையை ஒட்டி 1978இல் கனநீர் ஆலை தொடங்கியது. அமோனியா தயாரிக்கிற வாயுவிலிருந்து டியூட்டீரியத்தைத் திரட்டி, அணு உலைகளுக்கான கனநீராக்கினார்கள். தூத்துக்குடி ஆலைகளுக்கு ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து ஆற்றுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதன் மேல் கடைமடை விவசாயிகளின் நியாயமான கோபமும் இருக்கிறது. நட்சத்திரக் கப்பலின் எரிபொருளில் பாதியை எங்கள் பக்கத்துக்காரர்கள் டன் கணக்கில் கையாண்டிருக்கிறார்கள் என்று நான் பாடம் எடுக்கிற வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். தூத்துக்குடி என்று சொன்னதும் நம்புவார்கள். யாருக்காவது அங்கே ஒரு மாமா இருப்பார்.

நான் பனகுடியில் ஆசிரியையாக இருக்கிறேன். தெற்கே கடற்கரையில் கூடங்குளம் அணுமின் நிலையம். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டார்கள். முதல் உலையில் அணுப்பிளவுத் தொடர்வினை தொடங்கியது 2013 ஜூலையில். ஓர் உலை 1000 மெகாவாட். முன்னே சொன்ன ஒரு கிராம் கணக்கின் 5 கோடி யூனிட், இந்த உலைக்கு இரண்டே நாள் மின்சாரம். 2011 மார்ச்சில் புகுஷிமா விபத்து நடந்த பிறகு, கூடங்குளம் உலைக்கு எதிராக இடிந்தகரை மக்கள் திரண்டு உட்கார்ந்ததை நாடே பார்த்தது. அவர்களை அறிவியல் தெரியாதவர்கள் என்று பேசியவர்களை என்னால் பொறுக்க முடியவில்லை. புகுஷிமாவில் உலை நின்றுதான் போயிருந்தது. கடல் ஏறி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிர்விக்கிற பம்புக்கு மின்சாரம் இல்லை. அடைத்து வைத்த சூடு பாத்திரத்தை உருக்கியது. அப்போ கரண்டு போனா என்று அப்பா கேட்டதைத்தான் மீனவப் பெண்கள் கேட்டார்கள். கூடங்குளத்தில் இரட்டைச் சுவர்க் கவசம் இருக்கிறது, மின்சாரமே இல்லாமல் வெப்பத்தை வெளியேற்றுகிற ஏற்பாடு இருக்கிறது, உலை உருகினால் ஏந்திக்கொள்ள அடியில் ஒரு தொட்டியும் இருக்கிறது. இவையெல்லாம் அந்தக் கேள்விக்கான பதில்கள். கேள்வி கேட்டவர்களை உட்காரவைத்து மரியாதையாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

மேற்கே மகேந்திரகிரி. அனுமன் இலங்கைக்குத் தாவியது இந்த மலையிலிருந்து என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதன் அடிவாரத்தில் எண்பதுகளிலிருந்து இஸ்ரோ திரவ எரிபொருள் எஞ்சின்களைச் சோதிக்கிறது. 2014இல் அது இஸ்ரோ உந்துவிசை வளாகம் என்று தனி நிலையமானது. காற்று வாகாக இருந்தால் சோதனையின் உறுமல் ஊருக்குள் வரும். புதிதாக வந்தவர்கள் இடி என்பார்கள். ஊர்க்காரர்கள் வானத்தைப் பார்க்கவே மாட்டார்கள்.

பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தை ஓட்டுகிற விகாஸ் எஞ்சின் இங்கே சோதித்துத் தேறியது. ஆனால் என்னையும் அப்பாவையும் கட்டிப்போட்டது கடுங்குளிர்த் திரவங்களில் ஓடுகிற கிரையோஜெனிக் எஞ்சினின் கதை. 1991இல் சோவியத் ஒன்றியத்தின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு தொழில்நுட்பத்துக்கும் சேர்த்து ஒப்பந்தம். அமெரிக்காவின் எதிர்ப்பால் 1993இல் தொழில்நுட்பம் இல்லை என்றாகி, செய்து முடித்த எஞ்சின் கட்டங்கள் மட்டும் வந்தன. மற்றதை நாமே கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

கற்றுக்கொள்ள வேண்டியது எரிக்கும் வித்தையை அல்ல. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் எரியும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். திரவ ஆக்சிஜனை மைனஸ் 183 டிகிரியில் வைக்க வேண்டும், திரவ ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில். அந்தக் குளிரில் காற்றே உறைந்து கட்டியாகிவிடும். ஆகவே குழாய்க்குள் காற்றோ ஈரமோ கொஞ்சமும் தங்கவிடாமல் ஹீலியத்தால் துப்புரவாக்க வேண்டும். திரவ ஹைட்ரஜன் ஒரு லிட்டர் 71 கிராம்தான் எடை. அவ்வளவு இலேசு, ஆகவே தொட்டி அவ்வளவு பெரிது. மூலக்கூறு மிகச் சிறிது. வேறெதுவும் நுழையாத இடுக்கில் அது நுழைந்து வெளியேறும். கசிந்து பற்றினால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்குத் தெரியாது. இத்தனைக்கும் மேல், அந்தக் குளிர் திரவத்தை நிமிடத்துக்கு ஏறக்குறைய 40,000 சுற்று சுற்றுகிற டர்போ பம்ப் இழுத்து, 3,000 டிகிரிக்குப் பக்கமாகக் கொதிக்கிற அறைக்குள் தள்ள வேண்டும். ஒரே எஞ்சினில், சில முழத் தொலைவுக்குள், உலகத்தின் கடுங்குளிரும் கடுஞ்சூடும் அடங்கியிருக்க வேண்டும். அத்தனையும் முடிந்து வெளியே வருவது பெரும்பாலும் நீராவி.

ஓய்வுபெற்ற பிறகு அப்பா என்னோடு பனகுடியில் இருந்தார். 2007 நவம்பர் 15இல் நம் சொந்த கிரையோஜெனிக் கட்டம் மகேந்திரகிரியில் 720 விநாடி, பறக்கும்போது எவ்வளவு நேரம் எரிய வேண்டுமோ அவ்வளவு நேரமும் எரிந்தது. பேப்பரைத் திண்ணையில் விரித்து வைத்துக்கொண்டு அப்பா விநாடியை நிமிடமாக்கினார். “பன்னெண்டு நிமிசம் நழுவ விடாம வச்சிருக்கான். லேசுப்பட்ட காரியமா?” எரித்தான் என்றோ ஓட்டினான் என்றோ அவர் சொல்லவில்லை.

2010 ஏப்ரல் 15இல் அது முதல்முறையாகப் பறந்தது, விழுந்தது. ஹைட்ரஜனை ஊட்டுகிற பூஸ்டர் பம்ப் நின்றுபோயிருந்தது. ராக்கெட் வங்காள விரிகுடாவில் போனது. வீட்டில் அன்றிரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. காரணம் பேப்பரில் வந்தபோது அப்பா படித்துவிட்டு, “தண்ணி வராட்டா டர்பைன் என்ன செய்யும், பாவம்” என்றார். அந்தப் பாவம் என்பது எஞ்சினுக்கும் சேர்த்து, அதைப் பல வருடமாகத் தொட்டுத் துடைத்தவர்களுக்கும் சேர்த்து.

2013 ஆகஸ்ட் 19இல் மறுபடி ஏவப் பார்த்தார்கள். புறப்பட ஒன்றேகால் மணி நேரம் இருக்கும்போது கீழே இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிவது தெரிந்து நிறுத்திவிட்டார்கள். டிவியில் பேசியவர்கள் பின்னடைவு என்றார்கள். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கசிவைக் கண்டு கை தூக்கியவன்தான் அன்றைக்கு அங்கே வேலை தெரிந்தவன் என்றார். அவர் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டது குறைவு. 2014 ஜனவரி 5இல் ஜி.எஸ்.எல்.வி. டி5 ஏறியது, கிரையோஜெனிக் எஞ்சின் கடைசி விநாடி வரை நின்று எரிந்தது. அப்பா எழுந்து போய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வந்தார்.

அதைவிடப் பெரிய சி.இ.20 எஞ்சினும் இங்கேதான் 640 விநாடி எரிந்து தேறியது. 2023 ஜூலையில் சந்திரயான்-3ஐத் தூக்கிப் போனதும் அதுவே. மனிதரை ஏற்றிப் போகத் தகுதியானது என்று காட்டுகிற சோதனைகள் 2024 பிப்ரவரியில் மகேந்திரகிரியில் முடிந்தன. இப்போது மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிகிற செமி கிரையோஜெனிக் எஞ்சினின் முறை. 2025 மார்ச்சில் அதன் முக்கியப் பகுதிகளைச் சேர்த்து முதல் பற்றவைப்பு நடந்தது, இரண்டரை விநாடி. பிள்ளைகள் இரண்டரை விநாடிதானா என்றார்கள். எதையெல்லாம் இரண்டரை விநாடி பிடித்து வைத்தார்கள் என்று கரும்பலகையில் படம் போட்டேன். பம்ப், வால்வு, குழாய் என்று ஒவ்வொன்றாக. பாடவேளை முழுவதும் போயிற்று.

ஸ்காட்டாக நடித்த ஜேம்ஸ் டூஹனைப் பார்த்துப் பொறியியல் படிக்கப் போனவர்கள் அமெரிக்காவில் ஏராளம். மில்வாக்கி பொறியியல் பள்ளி அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டமே கொடுத்தது. நடிகருக்கு அந்த மரியாதை தகும் என்றே சொல்வேன், ஏனென்றால் சக்தியின் பக்கத்தில் ஒரு மனிதன் கவலையோடு நிற்க வேண்டும் என்பதை அவர் வீட்டு முன்னறைகளுக்குக் கொண்டுவந்தார். நம் பக்கம் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ தூர்தர்ஷனில் தொடராக வந்தது. அந்த இயந்திர நாய் ஜீனோவை என் வயதுக்காரர்கள் மறக்க மாட்டார்கள். விண்கப்பல் ஒன்றின் எஞ்சின் அறைக்குள் நம்மைக் கூட்டிப்போகிற தமிழ்த் தொடரை மட்டும் நான் இன்னும் பார்க்கவில்லை.

யாராவது எழுதினால் கேப்டனாக யாரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும், கப்பல் எந்தக் கிரகத்துக்கும் போகட்டும். எஞ்சின் அறையில் நிற்பவர் லோயர் கேம்ப் காலனியிலோ பனகுடியிலோ இடிந்தகரையிலோ பிறந்த பெண்ணாக இருக்க வேண்டும். முதல் காட்சியிலேயே, அந்தச் சக்தியை எதில் ஊற்றி வைத்திருக்கிறாள், கரண்டு போனால் என்ன செய்வாள் என்று அவள் தன் ஷிப்டுக்கு வருகிற புதுப் பையனுக்குக் காட்டிக் கொடுக்க வேண்டும்.